புளிக்குழம்பும் இரும்புச் சட்டியும்: அமில மண்ணை விரும்பும் செடிகளுக்கு ஒரு பாத்தி

என் வீட்டு வெட்சி மஞ்சளாகிப்போனபோது ஆலோசனைக்குக் குறைவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மோர் ஊற்றச் சொன்னார். மாமியார் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொன்னார். அலுவலக நண்பர் ஒரு பை நிறையக் காப்பிச் சக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். செடி வாங்கிய கடையில், "மண்ணு புளிச்சிடுச்சு, சுண்ணாம்பு போடுங்க" என்றார்கள். சித்தப்பாவோ, "புளிப்பு பத்தல, அதான் வெளுக்குது" என்றார்.

எல்லோரும் நல்ல மனதோடு சொன்னவைதான். ஆனால் கவனித்துப் பாருங்கள்: மோரும் முட்டை ஓடும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான வைத்தியம். ஒன்று புளிப்பைக் கூட்டும், மற்றது குறைக்கும். நான் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தேன். செடி எப்படிப் பிழைக்கும்?

அமில மண், காரமண் என்று எல்லோரும் பேசுகிறோம். அந்தச் சொல்லுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள செலாயாங்கில் ஒரு மாடித் தொடர்வீட்டின் முன்னால் உள்ள கையகல இடத்தை வைத்துக்கொண்டு நான் கற்றதை எழுதுகிறேன்.

ஆரத்தித் தட்டில் தொடங்குவோம்

மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறது. நம் வீட்டில் எல்லோரும் பார்த்த ரசாயனப் பாடம் அது. சுண்ணாம்பு ஒரு காரம். மஞ்சள் காரத்தைக் கண்டால் நிறம் மாறும். அந்தச் சிவப்பு நீரில் எலுமிச்சையைப் பிழியுங்கள், மறுபடியும் மஞ்சளாகிவிடும். எலுமிச்சை அமிலம். ஒன்றை ஒன்று அடக்கிவிடும்.

எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமே. அதுதான் பி.எச். 1909இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. பீர் காய்ச்சப் பிறந்த அளவுகோல் இன்று நம் பூந்தொட்டி வரை வந்துவிட்டது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2, தயிர் நாலரைக்குப் பக்கம், சமையல் சோடா கரைத்த நீர் எட்டைத் தாண்டும்.

இங்கே ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். இந்தப் படிகள் மாடிப்படி மாதிரி ஒரே உயரம் இல்லை. ஒவ்வொரு படிக்கும் 10 மடங்கு வித்தியாசம். பி.எச். 5 உள்ள மண், 6 உள்ள மண்ணைவிட 10 மடங்கு அமிலம். 7 உள்ள மண்ணைவிட 100 மடங்கு. எனவே "ஆறா ஏழா, ஒரு நம்பர்தானே" என்று விட்டுவிட முடியாது.

நம் மண் ஏற்கெனவே புளிப்புதான்

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. சென்னையில் சுமார் 1400. இவ்வளவு தண்ணீர் பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும்? அரிசியைப் பத்துத் தடவை களைந்தால் என்ன ஆகுமோ அதுதான். சத்தெல்லாம் கழுநீரோடு போய்விடும். மண்ணில் காரத்தைத் தருகிற கால்சியம், மக்னீசியம் போன்றவை எளிதில் கரைந்து ஆழத்துக்குப் போய்விடுகின்றன. போகாமல் தங்குவது இரும்பும் அலுமினியமும். போதாக்குறைக்கு மழைநீரே லேசான அமிலம். காற்றில் உள்ள கரியமில வாயு கரைவதால் மாசில்லாத மழைக்கும் பி.எச். 5.6 அளவில் இருக்கும்.

அதனால்தான் தீபகற்ப மலேசியாவின் மேட்டு நிலங்களில் பெரும்பாலும் பி.எச். 4க்கும் 5க்கும் இடையில் இருக்கிறது. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரமெல்லாம் இந்த மண்ணில்தான் நின்றது. பால்மரமும் செம்பனையும் இந்தப் புளிப்பைச் சகித்துக்கொள்ளும். கேமரன் மலைத் தேயிலைக்கு அது தேவையே. "புளிச்ச மண், கெட்ட மண்" என்கிற பேச்சு, சோளமும் கீரையும் பயிரிடுகிறவரின் பேச்சு. அவருக்கு அது சரி. வெட்சிக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

இதுவரை பார்த்தது: பி.எச். என்பது அமிலம், கார அளவுகோல். ஒரு படிக்கு 10 மடங்கு. மழை அதிகமான நம் ஊரில் இயற்கையான மண் அமிலம்தான்.

இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு

சரி, சில செடிகள் ஏன் அமிலத்தை விரும்புகின்றன? புளிப்புச் சுவைக்காக இல்லை. இரும்புக்காக.

இலை பச்சையாக இருக்கப் பச்சையம் வேண்டும். பச்சையத்தை உருவாக்கச் செடிக்கு இரும்பு வேண்டும். நம் மண்ணில் இரும்புக்கு என்ன பஞ்சம்? செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான், ஏறக்குறையத் துரு. ஆனால் செடி துருவைத் தின்னாது. தண்ணீரில் கரைந்தால்தான் வேர் உறிஞ்சும்.

எப்போது கரையும்? அடுப்படிக்குப் போவோம். இரும்புச் சட்டியில் வெறும் தண்ணீர் கொதிக்க வைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே சட்டியில் புளிக்குழம்பை வைத்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் கறுத்து, நாக்கில் இரும்பு வாடை அடிக்கும். புளியின் அமிலம் இரும்பைக் கரைத்துக் குழம்புக்குள் இழுத்துவிட்டது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் களிம்பு போவதும் இதே கதைதான். அங்கே செம்பு, இங்கே இரும்பு.

மண்ணிலும் அதே நடக்கிறது. பி.எச். குறைவாக இருந்தால் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். பி.எச். ஒரு படி ஏறினால், மண்நீரில் தனியாக மிதக்கும் இரும்பின் அளவு சுமார் 1000 மடங்கு குறைந்துவிடும். இரும்பு அங்கேயேதான் இருக்கிறது. பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. புல், கீரை போன்ற பல செடிகளுக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் வித்தை ஓரளவு தெரியும். வெட்சி, நந்தியாவட்டையின் தூரத்து உறவுபோலத் தோன்றும் கார்டினியா, தேயிலை, மலைகளிலும் குளிர்நாடுகளிலும் பூக்கும் ரோடோடென்ட்ரான், ஹெதர் முதலியவை தலைமுறை தலைமுறையாகப் பூட்டே இல்லாத வீட்டில் வளர்ந்தவை. திறக்கத் தெரியாது. இவற்றைத்தான் அமில விரும்பிகள் என்கிறோம். (கார்டினியா உண்மையில் நந்தியாவட்டைக்கு உறவு இல்லை, வெட்சியின் குடும்பம். பார்க்கத்தான் அப்படி.)

இரும்புப் பற்றாக்குறையை இலையிலேயே படிக்கலாம். குருத்திலைகள் முதலில் மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாக, வலை பின்னியதுபோல நிற்கும். ஏன் குருத்து? தழைச்சத்து குறைந்தால் முதிய இலைகள் தங்களிடம் இருப்பதை இளசுகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் மஞ்சளாகும், நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி. இரும்பு அப்படிக் கைமாறாது. முதிய இலைக்குப் போனது அங்கேயே தங்கிவிடும். அடி இலை முழுதாக மஞ்சளானால் உரப் பிரச்சினை என்று சந்தேகிக்கலாம். குருத்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் பி.எச். பக்கம் திரும்புங்கள்.

அதற்காக அமிலம் எவ்வளவு கூடினாலும் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஐந்துக்கும் கீழே போனால் அலுமினியமும் கரைய ஆரம்பித்துப் பல செடிகளின் வேர் நுனியைக் கருக்கிவிடும். கேமரன் மலையில் வீட்டுக்கு வீடு பார்க்கிற ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூப்பது அந்த அலுமினியத்தை உறிஞ்சித்தான். அமிலம் குறைந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். பெரும்பாலான அமில விரும்பிகளுக்கு 5 முதல் 6 வரை வசதி.

அப்படியானால் என் வெட்சி ஏன் மஞ்சளானது?

நாட்டு மண்ணே அமிலம் என்றால் எனக்கு என்ன குறை? இதில்தான் நான் இரண்டு வருடம் ஏமாந்தேன்.

முதலில் பத்துமலையைச் சந்தேகப்பட்டேன். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை, முழுக்கச் சுண்ணாம்புக்கல். கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியிலும் சுண்ணாம்புப் பாறை ஓடுகிறது. இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தில் அந்தப் பாறை சரிந்து குகை குகையாக இருந்ததால் கட்டடத்தையே 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். ஆனால் அந்தப் பாறைக்கு மேல் பல இடங்களில் வண்டலும் செம்மண்ணும் கனமாகக் கிடக்கின்றன. மலையடிவாரத்தில் குடியிருந்தாலொழிய உங்கள் முக்கால் அடி வேருக்கும் அதற்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

குற்றவாளி சுவர்தான். சிமெண்ட் இறுகும்போது சுண்ணாம்பு உண்டாகிறது. புதுக் கான்கிரீட்டுக்குள் பி.எச். 12ஐத் தாண்டும். ஒவ்வொரு மழைக்கும் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் கொஞ்சம் கரைந்து ஓர மண்ணில் இறங்கும். அதோடு வீடு கட்டியவர்கள் மிச்சக் கலவை, உடைந்த செங்கல், பூச்சுக் கட்டி எல்லாவற்றையும் முன்பக்கத்தில் கொட்டி மேலே நாலு அங்குலம் மண் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். நான் வேலி மாதிரி அழகாக வரிசையாக வெட்சி நட்டது அந்தச் சுவரை ஒட்டித்தான். தோண்டிப் பார்த்தபோது மண்வெட்டி 'டங்' என்றது.

இதை எனக்குப் புரியவைத்தது பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிற சித்தி வீடு. நான் கொடுத்த அதே குச்சியை அவர் மேட்டுப்பக்கம் வெறும் செம்மண்ணில் ஊன்றியிருந்தார். பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல்; அது சிதைந்து வரும் மண் இயல்பாகவே அமிலம். ஒரு வைத்தியமும் செய்யாமல் செடி கரும்பச்சையாக, கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றது. பொறாமையாகத்தான் இருந்தது. பினாங்குக் காற்று, பினாங்குத் தண்ணீர் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு பார்த்தால், சித்தி வீட்டிலும் கார் நிறுத்தும் சிமெண்ட் தளத்தை ஒட்டி இருந்த ஒரு செடி மட்டும் வெளுத்திருந்தது. ஊர் காரணமில்லை. சிமெண்ட் காரணம்.

சுருக்கமாக: அமில விரும்பிகளுக்கு வேண்டியது கரைந்த இரும்பு. நம் நாட்டு மண் அதைத் தரும். வீட்டுச் சிமெண்ட் அதைப் பூட்டிவிடும்.

மோர் ஊற்றினால் என்ன?

மோர் அமிலம்தான். கறிவேப்பிலைக்கு ஊற்றினால் சில நாள் தளிர் பளபளக்கும், அது பொய்யில்லை. ஆனால் நிலைக்காது. காரணத்துக்கு ஓர் உதாரணம். ரசத்தின் அடியில் கரையாத உப்புக்கல் கிடக்கிறது. உப்புக் கரிக்கிறதே என்று மேலே தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? கல் இன்னும் கொஞ்சம் கரையும்; பழையபடி கரிக்கும். கல் தீரும்வரை இதே கதை.

மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புத் துகள்களும் அப்படித்தான். நீங்கள் ஊற்றும் அமிலத்தை விழுங்கிவிட்டு மறுபடியும் காரத்தைக் கரைத்துவிடும். இப்படி பி.எச். மாற்றத்தை மண் எதிர்த்து நிற்பதைத் தாங்குதிறன் என்பார்கள். மோர், வினிகர், புளித்தண்ணீர் எல்லாம் இந்தத் தாங்குதிறனிடம் சில நாளிலேயே தோற்கும். மோரின் அமிலத்தை மண் நுண்ணுயிர்களே தின்று தீர்த்துவிடும் என்பது கூடுதல் செய்தி.

காப்பிச் சக்கை? அமிலத்தின் பெரும்பகுதியை நாம்தான் குடித்துவிட்டோம். மிஞ்சியது நடுநிலைக்குப் பக்கம். உரமாகப் போடுங்கள், அமிலமாக நம்பாதீர்கள். முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் எதிர்த்திசை. இந்தப் பாத்திப் பக்கமே வரக்கூடாது. நர்சரிகளில் பை பையாக விற்கும் எரிமண்ணும் அப்படியே, அதில் சாம்பல் கலந்திருக்கும்.

உண்மையாக வேலை செய்வது கந்தகத் தூள். மண்ணில் உள்ள சில பாக்டீரியாக்கள் அதை மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக மாற்றும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்; பொறுமை வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி, மண்ணோடு கிளறி, 2 மாதம் கழித்துச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த பிடி. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த அம்மோனியம் சல்பேட் உரமும் அமிலத்தைக் கூட்டும். ஆனால் மண்ணில் சிமெண்ட் கட்டிகள் கிடந்தால் கந்தகமும் உப்புக்கல் கதைதான். முதலில் கட்டியை அகற்ற வேண்டும்.

தொடுவதற்கு முன் சோதியுங்கள்

பாத்தி போடப்போகும் இடத்தில் நாலைந்து மூலையிலிருந்து ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து உலர்த்துங்கள். அதில் ஒரு கரண்டிக்கு இரண்டரைக் கரண்டி காய்ச்சி வடித்த நீர். கலக்கி, அரை மணி நேரம் விட்டு, தெளிந்த நீரில் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். குழாய் அரிக்காமல் இருக்கச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பு சேர்ப்பது உண்டு, விடை மாறிவிடும்.

தாள் இல்லையா? மண்ணில் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கிடக்கிறது என்று பொருள். நுரைக்காவிட்டால் அமிலம் என்று பொருள் இல்லை. அதை மட்டும் நினைவில் வையுங்கள். சமையல் சோடாவைப் போட்டுப் பார்க்கும் சோதனையை விட்டுவிடலாம், அதில் ஒன்றும் தெரியாது.

எனக்குச் சுவரோரம் ஏழரை வந்தது. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, வேலியோரம், ஐந்தரை. அதே வீடு, அதே மண். எங்கே பாத்தி என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

பாத்தி

சுவர், நடைபாதை, சிமெண்ட் வாய்க்கால் மூன்றிலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளுங்கள். ஒன்றரை அடி ஆழம் தோண்டி, கையில் சிக்கும் கட்டி, ஓடு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். இந்த வேலையில் சோம்பினால் மற்ற எல்லாம் வீண். எனக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின.

அடிச் செம்மண் களிமண்ணாக இறுகியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு மக்கிய தழையும் தென்னை நார்த்தூளும் கலந்தால் போதும். நார்த்தூளில் உப்பு இருக்கலாம், ஒரு தடவை அலசிக்கொள்ளுங்கள். கறுப்பு மண் என்று விற்பதை நான் வாங்குவதில்லை. அசல் கரிச்சதுப்பு மண்ணானால் பி.எச். 3, 4 என்று அளவுக்கு மீறிய அமிலம். கலப்படமானால் எதுவாகவும் இருக்கலாம். கலந்த மண்ணை ஓர் அடி மேடாகக் குவியுங்கள். நம் மாலை மழையில் பள்ளமான பாத்தி குளமாகிவிடும். அமில விரும்பிகளின் வேர் மெல்லியது, மூழ்கினால் அழுகும். மேட்டுக்கு ஓரம் கட்ட சிமெண்ட் கல்லை அடுக்காதீர்கள், துரத்திய பேயை வாசல் வழியாக அழைத்ததாகிவிடும். மரப்பலகை போதும்.

மேலே காய்ந்த இலை இரண்டு அங்குலம். மழைநீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றினால் மிக நல்லது, ஆனால் வலை போட்டு மூடுங்கள். ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் சுகாதார அதிகாரிகள் அபராதச் சீட்டு நீட்டிவிடுவார்கள்.

செடிகளும், ஹெதர் ஆசையும்

படங்களில் ஸ்காட்லாந்து மேடுகளை ஊதாவாக மூடியிருக்குமே, அந்த ஹெதரை வளர்க்க எனக்கும் ஆசை இருந்தது. அமிலத்தை நாம் கொடுத்துவிடலாம்; குளிரை எப்படிக் கொடுப்பது? கோலாலம்பூர் இரவின் வெக்கையில் அது நிற்காது. ஒரு தடவை 'ஹெதர்' என்று சொல்லி எனக்கு விற்றது கூபியா என்ற செடி. பெயரில்தான் மெக்சிகன் ஹெதர், மருதோன்றிக் குடும்பம். ஆனால் குட்டி இலையும் சின்ன ஊதாப் பூவுமாகப் பாத்தியின் முன்வரிசைக்கு அருமையாகப் பொருந்துகிறது, ஏமாந்ததில் வருத்தமில்லை.

ஹெதரின் உண்மையான உறவினர்களை நம் நாட்டிலேயே பார்க்கலாம். கேமரனில் பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில், 2000 மீட்டர் உயரத்தில், காட்டு ரோடோடென்ட்ரான் பூக்கும். பார்த்துவிட்டு வாருங்கள், பிடுங்கி வராதீர்கள். கீழே வந்தால் பிழைக்காது.

தாழ்நிலத்துக்கு என் தேர்வு இது. பின்னால் ஒரு கார்டினியா, அதற்கு மதிய வெயில் படாத மூலை. நடுவில் வெட்சி, குட்டை ரகம், அரை மீட்டர் இடைவெளி. பக்கத்தில் ஒரு செண்டுடுக்: சாலையோர மேடுகளில் ஊதாவாகப் பூத்து, பழத்தைத் தின்றால் நாக்கு கறுக்குமே, அதுதான். அலுமினியத்தையே இலையில் சேர்த்து வைத்துக்கொள்கிற முரட்டுச் செடி, களை என்று வெட்டி எறிகிறோம். முன்னால் கூபியா. பூச்சி பிடிக்கும் கெண்டிச் செடி வைக்க நினைப்பவர்கள் அதைத் தனித் தொட்டியில் வையுங்கள். அதற்கும் அமிலம் வேண்டும், ஆனால் உரம் ஆகாது. மற்றவற்றுக்குப் போடும் உரம் அதன் வேரைக் கருக்கிவிடும்.

சுவரோரம் காலியான இடத்தில் அரளி வைத்தேன். சுண்ணாம்பைப் பற்றி அதற்குக் கவலையில்லை. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பழைய வெட்சியில் மூன்றைப் பெயர்த்துப் புதுப் பாத்தியில் நட்டேன். மஞ்சளான இலை பச்சையாகத் திரும்பவில்லை, உதிர்ந்தது. ஏழாவது வாரம் வந்த குருத்துதான் பச்சை. மாமியார் இன்னமும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு மோர் ஊற்றுகிறார். தொட்டி பிளாஸ்டிக், மண் நல்ல மண். நான் ஒன்றும் சொல்வதில்லை.